பதினாறாவது பெயர்

பதாகையில் கேதீசன் சிரிக்கிறான்.
யாருடையதோ கலியாணப் படத்திலிருந்து
வெட்டி எடுத்த சிரிப்பு.
இடது தோளில் ஒரு கை மட்டும்
உடம்பில்லாமல் மிஞ்சி நிற்கிறது.
என்னுடைய கை.
அழிக்கவா என்று கேட்டான் அச்சகத்துப் பொடியன்.
கிடக்கட்டும் என்றேன்.

நினைவுக் கிக்பொக்சிங், அறுபது கிலோவுக்கு உட்பட்டோர்,
தோற்றால் வெளியே.
உட்துறைமுக வீதி மண்டபத்தில்
காலை ஆறரைக்கே தைல மணம்.
மூதூர்ப் பொடியன் இருநூறு கிராம் கூட.
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
வாசலில் கயிறு அடிக்கிறான்.
குப்பைத் தொட்டியில் வாழைத்தோல் கிளறும் மான்
தலை தூக்கி அவனைப் பார்க்கிறது,
பிறகு தோலுக்கே திரும்புகிறது.

எனக்கு மணி.
ஒன்பது வருடம் அவனோடு பயிற்சியில் மோதி
ஒருதரமும் வெல்லாதவனுக்கு
கழகம் கொடுத்த கௌரவம்:
இரண்டு நிமிடம், அடி.
ஒரு நிமிடம், அடி.

கந்தளாய் வீதியில் இரவு பதினொன்றரை,
வெளிச்சமில்லாத வளைவில் நின்றிருந்தது யானை.
அதற்கு அவனுடைய எடைப்பிரிவு தெரியாது.

பதினாறு கட்டம் கீறியிருந்தோம்.
நிலாவெளிக்காரனுக்குக் காய்ச்சல்.
வெறுங்கட்டத்துக்கு எதிரே விழுபவன்
ஓர் அடியும் வாங்காமல் அடுத்த சுற்றுக்குப் போகலாம்,
சட்டம் அப்படித்தான்.
அந்தத் துண்டை எடுத்தது கிண்ணியா றிஸ்மின்.
அதிர்ஷ்டக்காரன் என்று முதுகில் தட்டினார்கள்.
அவன் நேரே நடுவர் பிரியந்தவிடம் போனான்.
"சேர், சும்மா போக எனக்கு ஏலா.
அந்தக் கட்டத்தில கேதீஸ் நானாட பேரை எழுதுங்க."
பிரியந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.
செத்தவன் விளையாடலாமா என்பதைப் பற்றி
ஒரு பக்கத்திலும் ஒன்றுமில்லை.

சிவப்பு மூலையில் றிஸ்மின்.
நீல மூலையில் ஒரு முக்காலி,
மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்.

அடித்தேன்.

முதலில் சிரித்தார்கள்.
காற்றோடு கையுறை தட்டிக்கொள்ளும் பொடியனைப் பார்த்தால்
யாருக்கும் சிரிப்பு வரும்.
பின்வரிசையில் ஒருத்தன் விசிலும் அடித்தான்.
முப்பதாவது வினாடியில்
றிஸ்மின் ஓர் எட்டுப் பின்வாங்கினான்.
பிறகு இன்னோர் எட்டு.
கயிறு முதுகில் முட்டியது.
விசில் அடித்தவன் வாயிலிருந்து விரலை எடுத்தான்.

அந்த நெருக்கு எனக்குத் தெரியும்.
வலக்காலால் தொடையில் ஒன்று,
அதே இடத்தில் இன்னொன்று,
மூன்றாவதும் உதைதான் என்று நீ குனிந்து பார்க்கும்போது
வேறு திசையிலிருந்து வரும்.
எனக்கு இரண்டு பல் அப்படித்தான் போனது.
றிஸ்மின் தொடையைப் பார்க்கிறான்.
தாடை திறந்து கிடக்கிறது.
"இடது! டேய், இடது வருது!"

கத்தியது நான்.
நேரம் பார்ப்பவன் வாய் திறக்கக் கூடாது.
பிரியந்த திரும்பிப் பார்த்தார்,
எச்சரிக்கவில்லை.
பொடியன் குனிந்தான்.
தலைக்கு மேலால் மின்விசிறிக் காற்று போனது.
மண்டபம் முழுக்க ஒரு "ஆ".

கடிகாரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது.
என் கை மணிமேல் இருந்தது, அடிக்கவில்லை.
பத்து வினாடி.
எந்தத் தாளிலும் அதைப் பதியவில்லை,
இங்கே மட்டும் சொல்கிறேன்.

அடுத்த சுற்றில் றிஸ்மின்
நாற்பது வினாடியில் விழுந்தான்.
உயிருள்ளவனின் உதை அவனுக்கு விளங்கவில்லை போல.
கிண்ணம் மூதூருக்குப் போனது,
மழைக்கோட்டுக்காரன் கையில்.
கேதீசனின் தங்கை சுபோஜினி
அதைக் கொடுக்கும்போது படத்துக்குச் சிரிக்கவில்லை,
பொடியனின் வீங்கிய கண்ணுக்கு
ஐஸ் வைத்தீர்களா என்றுதான் கேட்டாள்.

கதிரைகளை அடுக்கிவிட்டுப் பார்த்தேன்,
மேசையில் புள்ளித் தாள்கள் மூன்று.
காற்றோடு நடந்த அந்தச் சண்டைக்கும்
நடுவர்கள் புள்ளி போட்டிருக்கிறார்கள்.
இரண்டு தாளில் றிஸ்மின்.
ஒன்றில் கேதீசன், இருபதுக்குப் பத்தொன்பது.

யார் போட்டதென்று நான் கேட்கவில்லை.
ஆனால் கேதீசன் இருந்தால்
மேசையைப் புரட்டியிருப்பான்.
புள்ளியில் தோற்பது அவனுக்குப் பிடிக்காது.
விழுத்தினா விழுத்து,
இல்லாட்டிப் போ என்பான்.