மூன்றாவது பள்ளிக்கூடம்

முதல் பள்ளியில் நீச்சல்குளம் இருந்தது,
நீல ஓடு பதித்து, ஏணி வைத்து,
தண்ணீர் இல்லாமல்.
வழியெல்லாம் வெண்ணாறு கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது.
"மோட்டார் ரிப்பேர் மேடம்" என்றார் மேலாளர்.
கைபேசிக்குள் இருந்து தாஜு சொன்னார்:
"குழாயைத் திறந்து காட்டு."

அவர் சோஹாரில்.
ஒன்றரை மணி நேரம் பின்னால்,
கன்டெய்னர் நிழலில், தலைக்கவசத்தோடு.
விசா ரத்தாகி நாங்கள் மட்டும் வந்து மூன்று மாதம்.
"பெஞ்சுக்கு எத்தனை பிள்ளை?"
"கழிவறைத் தாழ்ப்பாள் விழுதா?"
மாடிமாடியாக
ஒரு ஆண்பிள்ளையின் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.
ஆயாக்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

இரண்டாவது, கும்பகோணம் பக்கம்.
வரவேற்பறைச் சுவரில் ஏழு கடிகாரங்கள்:
லண்டன், டோக்கியோ, நியூயார்க்,
மற்றதெல்லாம் மறந்துவிட்டது.
ஹனா விரல்விட்டுப் பார்த்து
"நம்ம ஊர் இல்லம்மா" என்றாள்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
விண்ணப்பத்தில் சொந்த ஊருக்கு ஒரு கட்டம்.
கூத்தாநல்லூர் என்று எழுதினேன்.
பிறந்ததிலிருந்து அவள் அங்கே இருந்தது
இந்த மூன்று மாதத்துக்கு முன்
நூற்றுப் பத்து நாள்.
தாய்மொழி தமிழ்.
வாசிக்கச் சொன்னார்கள். மளிகையை மலிகை என்றாள்.
நன்கொடையை ரியாலாக்கி
ரியாலை ஓவர்டைமாக்கி
அவர் மனசுக்குள் வகுப்பது எனக்குக் கேட்டது.
"நெட் சரியில்லை" என்று வைத்துவிட்டார்.
நெட் சரியாகத்தான் இருந்தது.

இர்ஃபானுக்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான் லீவு.
ஞாயிறு விடிந்தால் சீருடை கேட்பான்.
எந்தச் சீருடை என்று அவனுக்கும் தெரியாது.

மூன்றாவது, மன்னார்குடி சாலையில்.
சுற்றிலும் சம்பா நடவு.
இன்டர்நேஷனல் என்று தங்க எழுத்து,
அதில் ஒரு எழுத்தின் மேல் கொக்கு.
"எந்தெந்த நாட்டுப் பிள்ளைங்க படிக்கிறாங்க?"
கேட்டது இர்ஃபான்.
தாளாளர் அவன் கன்னத்தைத் தட்டினார்:
"நீ சேர்ந்தா ஆரம்பிச்சிரும் தம்பி."
அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது,
அதெல்லாம் ஒரு காரணமாகாது என்று தெரிந்தே.

கட்டண அட்டவணையின் இரண்டாம் பக்கத்தில் பிள்ளையைக் காணோம்.
பின்பக்கச் சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில் நின்று
வயலோடு பேசிக்கொண்டிருந்தான்.
முழங்கால் சேற்றில் வங்காளத்து ஆட்கள்.
வரப்பில் ஒரு பையன், இவன் வயசு,
நாற்றுமுடி எடுத்துப் போடுகிறான்.
சோஹாரில் கீழ்வீட்டு டாக்காக்காரர்களிடம்
இவன் பொறுக்கிவைத்த பாஷை
இங்கே வந்து எவருக்கும் வேண்டாமல் கிடந்தது,
மடை திறந்தாற்போல் வந்தது.
அந்தப் பையன் முடியைக் கீழே வைத்தான்.
பெயர் மிலன் என்றான்.

"அவன் எந்த ஸ்கூல்னு கேளும்மா."
மேஸ்திரிதான் பதில் சொன்னார்:
"ஸ்கூல் ஏதுங்க. இது முடிஞ்சா திருத்துறைப்பூண்டி.
அப்புறம் எங்க கூப்பிடுறாங்களோ."

"என்ன சத்தம்? என்ன காட்டுறே?"
கைபேசியை வயல் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் தாஜு பேசவில்லை.
நிமிராத முதுகுகளை அவருக்குத் தெரியும்.
பிறகு சொன்னார்:
"சுவர் இடிஞ்சிருக்கு. கட்டச் சொல்லு."

முன்பணம் கட்டிவிட்டேன். வேன் கட்டணம் தனி.
சுவரைப் பற்றித் தாளாளரிடம் சொல்லவில்லை.
வகுப்பு திங்களிலிருந்து.
நடவு ஞாயிறோடு முடிகிறதாம்.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சீருடை கேட்டான்.
இன்றைக்கு லீவுடா என்று சொல்லவில்லை.
இஸ்திரிப் பெட்டியைச் சூடுபோட்டேன்.