வலது ஆறு

நேற்றுப் பனி இல்லை.
காஸ்லோவுக்கு மேலே, மரம் ஏற்றும் லொறிகளின் பாதையில்
நாற்பதில் ஊர்ந்து
வளைவு வளைவாக எண் போட்டேன்.
ஒன்று என்றால் கொண்டை ஊசி.
ஆறு என்றால், வளைவென்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் வளைவு,
மிதித்த காலை எடுக்கத் தேவையில்லை.

இரவு முழுக்கக் கொட்டியது.
விடியும்போது நான் எழுதிய தெரு
முழங்கால் ஆழத்துக்குக் கீழே கிடந்தது.
என் மடியில் மட்டும்
இன்னும் சரளைக்கல்லாக இருந்தது.

துவாரகன் வெளியே பார்ப்பான்.
நான் பார்ப்பதில்லை.
கொப்பியில் கண், இருக்கையில் இடுப்பு.
பின்சக்கரம் நழுவுவது
முதலில் முள்ளந்தண்டுக்குத்தான் தெரியும்.
அந்த நழுவல் முடிகிற இடத்தில்
அடுத்த சொல்லை வைக்கவேண்டும்.
முந்தினால் மறந்துபோவான்.
பிந்தினால் மரம்.

முதல் வருடம் ஆங்கிலத்தில்தான் வாசித்தேன்.
'ரைட்' என்றேன்.
வலமா, சரியா என்று
அவன் யோசித்த அரைக் கணத்தில்
யாருடையதோ ஒரு வேலி போனது.
அன்றிலிருந்து தமிழ்.
"எங்கடை பாஷையிலை இந்தக் குழப்பம் இல்லை"
என்றான், பம்பரைக் கயிற்றால் கட்டியபடி.

ஐந்தாம் கட்டம். பதினெட்டு கிலோமீட்டர்.
இடது நாலு, மேடு, அறுபது,
வலது ரெண்டு வெட்டாதே, உள்ளே கல்,
நூறு,
மூச்சு,
பக்கம் புரட்டக் கையுறை ஒட்டுகிறது,
பல்லால் இழுத்தேன்,

இடது மூன்று, வலது ஆறு.

கொப்பியில் அது தெளிவாகத்தான் இருக்கிறது.
வளைவு என்றால் இலக்கத்தில் எழுதுவேன்.
தண்ணீர் என்றால் எழுத்தில்.
கண்ணுக்கு வேறு வேறு.
வாய்க்கு ஒன்று.

அவனுக்குக் கேட்டது:
வலப்பக்கம் திறக்கிறது, மிதி.
மிதித்தான்.

முதலில் சத்தம் நின்றது.
பிறகு வெள்ளை.
பிறகு, பனி உழும் வண்டி ஒதுக்கிவைத்த ஒரு கரை
எங்களை இடுப்பில் பிடித்துக்கொண்டது.
பின்பக்க வலது சக்கரம்
காற்றில் சும்மா சுற்றியது.
என் யன்னலுக்குக் கீழே,
நெடுந்தூரம் கீழே,
உறையாத கறுப்பு ஓட்டம்.

"என்ன சொன்னனி?"
"ஆறு எண்டு."
"அதுதானே மிதிச்சனான்!"
"அந்த ஆறு இல்லை. இந்த ஆறு."
விரலால் காட்டினேன்.
எட்டிப் பார்த்தான். வண்டி முனகியது.
"எட்டிப் பாக்காதை."

சரேயில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு.
ஆறு: மூன்று பொருள் தருக.
எண் எழுதினேன், நதி எழுதினேன்,
வழி என்பதை விட்டுவிட்டேன்.
ஒரு புள்ளி குறைந்தது.
எதற்கு இப்போது அது?

அவனுடைய கதவு வழியே இரண்டு பேரும்.
முக்கோணத்தை நட்டு
'நலம்' அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தேன்.
பதினேழாம் இலக்கக் கார்
வேகம் குறைத்து, அட்டையைப் பார்த்து,
வாய் நிறையப் பனியை எறிந்துவிட்டுப் போனது.

மரங்களுக்குள்ளிருந்து மரீனா கல்மகோஃப் வந்தாள்,
மஞ்சள் மேலங்கி, தோளில் இழுவைப் பட்டி.
அந்தப் பனிக்கரை அவள் ஒதுக்கியதாம்,
அதிகாலை நாலு மணிக்கு.
நன்றி சொன்னேன்.
"அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டேன்,
சோம்பல்," என்றாள்.
பட்டியைக் கொக்கியில் மாட்டி
அவளுடைய லொறி ஒரே இழுப்பு.

பதினொரு நிமிடம் போச்சு.
மீதிக் கட்டங்களில் நான்
ஆறாம் எண் வரும்போதெல்லாம்
'ஆறு, வளைவு' என்றேன்.
அவன் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் காலை எடுத்தான்.

இரவு, சமூக மண்டபத்து வாசலில்
கார்கள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன.
கடைசிக்கு முந்தின இடம்.
பேனா உறைந்துவிட்டது. பென்சிலால்
இருபத்துமூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்லை வெட்டி
'நதி' என்று எழுதினேன்.
"நதியோ? கவியரங்கமோ நடத்திறாய்?
தண்ணி எண்டு போடு."
போட்டேன்.

பேப்பர் கோப்பையில் தேத்தண்ணி நீட்டினான்.
கை இன்னும் நடுங்கியது, எனக்கா அவனுக்கா தெரியவில்லை,
மூடியில் அலை.
பொனட் மேல் வைத்தேன்.
"குடியன்."
"ஆறட்டும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.