முசஃபா, இரவுப் பணி

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்
வரைபடத்தில் இல்லாத கதவு.
சாரத்திலிருந்து விழுந்த செவுகப்பெருமாளுக்கு
ஓ நெகட்டிவ் தேடி நுழைந்தேன்.

அங்கே எண்ணெய் கிடைக்கவேயில்லை.
அபுதாபி முழுக்க மீன்வாடை.
முத்துக் குளிப்பவர்கள் வரிசையில், காதில் ரத்தம்.
பதினேழு பேருக்குப் பஞ்சு வைத்தேன்.
கூலி, கோணல் முத்து ஒன்று.
ரத்த வங்கி என்றதும்
வட்டிக்கடையா என்றார்கள்.

அடுத்ததில் கடல் ஏறியிருந்தது.
ஒன்பதாம் மாடி ஜன்னலில் படகைக் கட்டினேன்;
குளிர்பெட்டிக்குள் நண்டுகள்.

மூன்றாவதில் இதே மருத்துவமனை,
இதே கண் சிமிட்டும் டியூப்லைட்.
வெள்ளைக் கோட்டில் செவுகப்பெருமாள்.
"எங்கம்மா வலிக்குது?"
நான்தான் டாக்டர் என்றேன்.
என் கழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டினார்:
மெஹர்பானு, துப்புரவுப் பிரிவு,
விசா முடிந்து நாலு மாசம்.
காவலாளியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.
"அந்தப் பக்கம் எனக்கு என்ன ஆச்சு?" என்றார்.
ஆறாவது மாடி என்றேன்.
கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்து
ஊசிக்கு நரம்பைக் காட்டினார்.

திரும்பியபோது மணி அதே இரண்டேகால்.
பை இன்னும் சூடாக இருந்தது.
படிவத்தில் கொடையாளர் பெயர்: செவுகப்பெருமாள்.
நோயாளி பெயரை மாற்றி எழுதிட்டீங்க மேடம் என்று
லேப்பிலிருந்து ஜோபி திருப்பி அனுப்பினான்.
பேனா டப்பாவில் முத்தைப் போட்டுவிட்டு
சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.