அடியில்லாத வாளி

கோட்டை வாசலில் பாணுக்கு நின்ற மானை
விளையாட்டாகத்தான் துரத்தினது.
மான் ஓடவில்லை.
திரும்பி ஒருமுறை தலையைக் குனிந்தது, அவ்வளவுதான்.
விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு
இன்னொரு வாய் திறந்துவிட்டது.

மிருக வைத்தியர் ஒன்பது தையல் போட்டார்.
பத்து நாளைக்கு நக்க விடாதேங்கோ,
விட்டால் திரும்பவும் என்னட்டத்தான் வருவியள் என்றார்.
துண்டு எழுதப் பெயர் கேட்டார்.
கப்டன் என்றேன்.
நாயின்ரயோ உங்கடயோ என்று
சிரிக்காமலே கேட்டார்.

முதல்நாள் வேப்பெண்ணெய்.
பூசின என் கையையும் சேர்த்து நக்கித் துடைத்துவிட்டு
இன்னும் இருக்கா என்பதுபோலப் பார்த்தது.
அடுத்தநாள் பாகற்காய்ச் சாறு.
அதற்கு வாலையும் ஆட்டினது.
பிறகு மகனின் பழைய பந்தாட்ட ஜேர்சியை மாட்டிவிட்டோம்,
முதுகில் பதினொன்று.
விடியப் பார்த்தால் ஒரு ஒன்றைக் காணவில்லை,
தின்றுவிட்டது.

அப்போதுதான் யசிந்தாவின் பெயின்ற் வாளியில் கண் விழுந்தது.
அவள் பூசைக்குப் போயிருந்தாள்.
கிறிஸ் வாளால் அடியை அறுத்து
விளிம்புக்குச் சைக்கிள் ரியூப் சுற்றி
கழுத்தில் கட்டிவிட்டேன்.
நிலையில் இடித்தது, கதிரையில் இடித்தது,
தண்ணீர்ச் சட்டியை அப்படியே மூடிக்கொண்டு
எங்கே போச்சு தண்ணி என்று தேடினது.
பக்கத்து வீட்டு றிஸ்கான் மதிலால் எட்டிப் பார்த்து
"மச்சான், என்ன சனல் இழுக்குது?" என்றான்.
திருக்கடலூர் முழுக்க அன்றைக்கு அதுதான் கதை.
வந்து பார்த்த யசிந்தா மட்டும்
நாயைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தாள்.

ஆறாம் நாள் கடி தொடங்கினது.
ஆறுகிற புண்தான் கடிக்கும்.
நாய் கடிக்கும் என்று படலையில் எழுதி வைத்திருக்கிறேன்,
இங்கே புண் நாயைக் கடிக்கிறது.
வாளிக்குள் நாக்கு நீண்டு நீண்டு
பிளாஸ்ரிக்கைத்தான் தொட்டது.
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு
சோறு தின்ன முடியாது.

இரவு கரண்ட் இல்லை.
கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று வாளியைக் கழற்றி
பாயைப் போட்டுக் காவல் இருந்தேன்.
என்னையறியாமல் கண் அயர்ந்துபோனேன்.
நங்கூரம் போட்ட வள்ளத்தின் விலாவில்
தண்ணீர் படுகிற மாதிரி ஒரு சத்தம்,
சளப், சளப்.
திடுக்கிட்டு எழும்பி ரோச் அடித்தேன்.
தையல் காய்ந்தபடியே கிடந்தது,
ஒன்பதும்.

அது நக்கினது என் இடக்காலை.
முழங்காலுக்குக் கீழே
மயிர் முளைக்காத ஓரிடம் இருக்கிறது,
ஐந்து ரூபாய்க் குற்றி அளவு.
கலியாணத்துக்குப் பிறகு யசிந்தா ஒருநாள் கேட்டாள்.
முள்ளுக்கம்பி கீறினது என்றேன்.
முள்ளுக்கம்பி வட்டமாகக் கீறாது என்று அவளுக்கும் தெரியும்,
அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.
முப்பது வருசத்துக்கு முந்தி ஆறின இடம்.
நாய்க்கு அதை யார் சொல்வது.

சீ, போ என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
ரோச்சை அணைத்தேன்.
கரண்ட் வருமட்டும்
காலை நான் இழுக்கவில்லை.

தையல் பிரித்த அன்று வைத்தியர் முதுகில் தட்டினார்,
கப்டனுக்கு.
வீட்டுக்கு வந்தால்
அறுத்த அடி வட்டம் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகியிருக்கிறது.
வாளி கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றி நிற்கிறது,
மான் கடிக்காமல்.
படலைக்கு வெளியே ஒன்று
கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு நிற்க,
கப்டன் என் காலுக்குப் பின்னால் வந்து
மெல்ல இருந்தது.
குரைக்கவில்லை.