வலது பக்கப் பை

சுடிதாருக்குப் பை வைத்துத் தைக்கச் சொன்னேன்.
"ஃபோன் வைக்கவா?" என்றாள் கூத்தாநல்லூர் பல்கீஸ்.
மணிக்கட்டு வரைக்கும் கை மறைய வேண்டும் என்றேன்.
நாடாவைக் கீழே வைத்துவிட்டு
என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு எதுவும் கேட்காமல்
இரட்டைத் தையல் போட்டுத் தந்தாள்.
கூலியில் பைக்குக் கணக்கு இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வெண்ணாற்றங்கரை ஊர்கள் பதினொன்று.
எல்லா மீட்டரும் வீட்டு முகப்பில் இருப்பதில்லை.
சிலது மாட்டுக்கொட்டகையில்,
சிலது குளிக்கிற மறைப்பை ஒட்டி,
ஒன்று இறந்துபோனவர் படத்துக்கு நேர் கீழே;
மாலையை ஒதுக்கித்தான் யூனிட் படிக்க வேண்டும்.

டெஸ்டர் ஆபீஸில் கொடுத்தது.
டார்ச் வலங்கைமான் திருவிழாக் கடையில்
பேரம் பேசி வாங்கியது.
ஊக்கு எப்போதும் இருந்தது.
பள்ளிக்கூட பஸ் காலத்திலிருந்தே
அதற்கு என்னைத் தெரியும்.

ரஸ்க் நாய்க்கு. கல்லும் நாய்க்குத்தான்.
இரண்டும் ஒரே பையில் கிடப்பதால்
எது கைக்கு வரும் என்று எனக்கும் தெரியாது,
நாய்க்கும் தெரியாது.
நடுத்தெரு செவலை மட்டும் என்னைப் படித்துவிட்டது;
கல்லைக் காட்டினாலும் வாலாட்டுகிறது.

மிளகு ஸ்ப்ரே தம்பி ஓசூரிலிருந்து அனுப்பியது.
"கண்ணப் பாத்து அடிக்கா" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு.
ஒத்திகைக்குக் கோரையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி
மதகைப் பார்த்து அடித்தேன்.
ஆடிக் காற்று.
படித்துறையில் இறங்கி அரைமணி நேரம் கண் கழுவினேன்.
நாற்று ஏற்றிப்போன டிராக்டர்க்காரர் வேகம் குறைத்து
"யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டார்.

அப்புறம் அந்த ஐப்பசி.
தூறல். மூன்று மணிக்கே இருட்டு.
ரைஸ் மில்லின் பின்கட்டு, தவிட்டு வாசம்.
எண்ணைப் பதிந்துகொண்டிருக்கையில்
வாசல் வெளிச்சம் பாதியானது.
"தனியாத்தான் வந்தியா?"

இந்தக் கேள்விக்கு
உண்மையும் சரிப்படாது, பொய்யும் சரிப்படாது.

கை உள்ளே போனது, மணிக்கட்டு வரைக்கும்.
ஊக்கு குத்தியது என்னைத்தான்.
ரஸ்க் தூளானது.
ஸ்ப்ரே வண்டி டிக்கியில் இருந்தது நினைவுக்கு வந்தது.
வெளியே வந்தது டெஸ்டர்.
அவன் பக்கம் நீட்டவில்லை.
திரும்பி, மீட்டர் பெட்டியில் வைத்தேன்.
சிவப்பாக எரிந்தது.
"சீல் அறுந்திருக்கு" என்றேன், யாருடைய குரலிலோ.
"ஓனர வரச் சொல்லுங்க. எழுதிட்டுத்தான் போவேன்."

விலகினான்.
அத்தனை சீக்கிரம் இந்த ஊரில் மழைகூட விலகியதில்லை.

சீல் அறுந்திருக்கவில்லை.

டெஸ்டரில் இருக்கும் அந்தப் பொட்டு விளக்கு
தானாக எரிவதில்லை.
பிடித்திருக்கிற ஆளின் உடம்பு வழியாக
உறைக்காத அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம்
மண்ணுக்கு இறங்கினால்தான் எரியும்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று
எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை.

ராத்திரி துவைக்கப் போடும்முன்
என் பையைக் கவிழ்க்கிறேன், பிறகு இளமாறன் சட்டையை.
ஒரு சீப்பு. கும்பகோணம் பஸ் டிக்கெட்.
"இவ்வளவுதானா?"
"வேற என்ன வேணும்?" என்கிறார்,
நிஜமாகவே புரியாமல்.

அடுத்த துணிக்கு இரண்டு பக்கமும் பை சொன்னேன்.
பல்கீஸ் மிஷினைவிட்டு எழுந்து
தன் இடுப்போரம் தட்டிக் காட்டினாள்.
அவளும் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறாள்.
உள்ளே ஏதோ கணீர் என்றது.
என்ன என்று நானும் கேட்கவில்லை.