தென்மேற்குக் காற்று, விநாடிக்குப் பதினெட்டு மீட்டர்

மாலைக் கடல் அறிக்கையில்
முதலில் நழுவியது ஒரு ‘க்’.
மறுநாள் ‘ட்’. வாரக் கடைசியில் ‘ப்’.
அண்ணம் மூடாமல் மூச்சு மூக்கில் கசிய,
ஹெர்தீஸின் வாயில்
வல்லினம் ஒவ்வொன்றாய் மெல்லினமாகிக்கொண்டிருந்தது.

மருத்துவருக்கு முன்பே கண்டுகொண்டது கடல்தான்.
கரையிலிருந்து நாற்பது மைலில்
எய்விந்துர் வானொலி நிலையத்தை அழைத்துக் கத்தினான்:
“அந்த அம்மா குடித்துவிட்டா வாசிக்கிறாள்?
பதினெட்டா, எட்டா?
எதை நம்பி நான் வலை விடுவது?”

இப்போது ரெய்க்யவிக், நான்காம் மாடி, சாய்நாற்காலி.
ஒரு கையிலிருந்து புறப்படும் ரத்தம்
பம்பைச் சுற்றி
வடிகட்டியின் வெண்ணிழைகளுக்குள் நுழைந்து
மறு கைக்கு வருகிறது,
பனியில் கடைக்குப் போய்வந்த பிள்ளைபோல்
கொஞ்சம் குளிர்ந்து.

சிவப்பு திரும்பும்.
மஞ்சள் திரும்பாது.

உதட்டில் எறும்பு ஊர்கிறது.
“கால்சியம் இறங்குகிறது, இதை மெல்லுங்கள்” என்ற கால்மன்
சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.
மெல்ல முடிந்தால் அவள் ஏன் இங்கே?
சிரிக்கப் பார்க்கிறாள்.
கடைவாய் ஏறவில்லை.
நடுப்பல் மட்டும் தெரிகிறது, உறுமுவதுபோல.
மாத்திரையை ஒதுக்கி, ஊசியில் ஏற்றுகிறான்.

முடிந்ததும் பையைக் கேட்டு வாங்குகிறாள்.
மூன்று லிட்டர். வெதுவெதுப்பு.
குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி,
பிடிக்கத் தெரியாமல் மடியில் வைக்கிறாள்.

“இதற்குள்ளா?”

இதற்குள்தான்.
நரம்பு வந்து தட்டும் கதவுகளில்
யாரும் சொல்லாமலே
பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தவை.
வெளியூர்க் கிருமி அல்ல.
அவள் சோற்றில் வளர்ந்தவை.

“திரும்ப வருமா?”
“வரும். செய்வது உங்கள் உடம்புதானே.
சில வாரம் தாங்கும்.
அதற்குள் மருந்து பிடித்துக்கொண்டால் நல்லது.”
கால்மன் பையை வாங்கி
எரிக்கும் தொட்டியில் போடுகிறான்.
தொப்பென்று ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.

மூன்றாம் தடவைக்கு மறுநாள் காலை
இடது இமை, விரல் தொடாமலே, எழுந்து நின்றது.
ஐந்தாவது முடிந்த இரவு
குளியலறையில் தாழிட்டுக்கொண்டு
ப், ட், க் என்று
கண்ணாடியில் எச்சில் தெறிக்கத் தெறிக்கச் சொல்லிப் பார்த்தாள்.
அடுத்த அறையில் படுத்திருந்தவர் சுவரைத் தட்டினார்.
அதுவும் வல்லினம்தான்.

பன்னிரண்டாம் நாள் அறிக்கை.
தென்மேற்கு.
விநாடிக்குப் பதினெட்டு மீட்டர்.
ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில்.
எத்தனை வாரத்துக்கு என்று அவளுக்கும் தெரியாது.

நாற்பது மைலில்
எய்விந்துர் ஒன்றும் சொல்லவில்லை.
வலையைத் தூக்கச் சொல்லிவிட்டு
படகைக் கரைக்குத் திருப்பினான்.