மட்டம்

உம்முல் குவைன் காயலில்
வற்றம் தொடங்கியதும் இறங்கிவிட வேண்டும்.
கரையில் கருவி, கருவிக்குப் பின்னால் சஜீவன்,
சேற்றில் நான்.
என் கையில் நாலு மீட்டர் அலுமினியக் கோல்.
கோல் ஆடக்கூடாது, அவ்வளவுதான் வேலை.
பன்னிரண்டு வருஷமாக
ஆடாமல் நிற்பதற்குச் சம்பளம்.

இதே வேலையில் இன்னொருவரும் உண்டு அங்கே.
கரைக்கொக்கு.
உடம்பு கரி, தொண்டையில் மட்டும்
சுண்ணாம்பு விரலால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளை,
பாதம் மஞ்சள்.
அந்த மஞ்சளைச் சேற்றில் விட்டு நடுக்கும்
காய்ச்சல்காரன் கால் போல.
பதுங்கிய குஞ்சுமீன் பதறிக் கிளம்பும்.
சில நாள் அதற்கும் சோம்பல்;
என் பூட்ஸ் கலக்கிய தடத்திலேயே
கொத்திக்கொண்டு பின்னால் வரும்.

அதன் ஜோடி முழு வெள்ளை.
"ஒரே இனம்தான், ஒரே கூட்டில்
கறுப்பும் பொரியும் வெள்ளையும் பொரியும்" என்றாள்
பறவைக் கணக்கெடுக்க வந்த மாரிஸெல்.
சஜீவன் நம்பவில்லை.
கொக்குகள் அவனைக் கேட்கவும் இல்லை.

ஒரு குளிர்காலம் நின்று பார்த்தால் போதும்,
யாரும் கண்ட இடத்தில் நிற்பதில்லை.
உப்புக்கொத்தி ஈரமணலில் ஓடும், நிற்கும், ஓடும்,
தண்ணீர் தொட்டால் பின்வாங்கும்.
சின்ன உள்ளானுக்கு ஒரு விரல்மூட்டு ஆழம்.
பவளக்காலிக்கு அதைப் போல மூன்று.
மூக்கன் முகம் நனைய அலகைச் செருகி
சேற்றின் உள்ளே இருப்பதைத்
தொட்டே படிக்கும்.
சாம்பல் நாரை முழங்காலளவில்,
பேசாமல், யாரோ கடன் தரவேண்டியவன் மாதிரி.
எல்லோருக்கும் அப்பால் பூநாரைகள்
தலைகீழாய் அலகு கவிழ்த்து
குழம்பை வடிகட்டிக்கொண்டு.
பசி ஒன்று, கால் வேறு வேறு.
அதனால் சண்டை குறைவு.

நண்டுண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
கோடையில் இங்கே தீவு மணலில் வளை தோண்டி
ஒற்றை வெள்ளை முட்டை இடுமாம்,
மணலின் சூடே பாதி அடைகாக்குமாம்.
குளிருக்கு எங்கள் மன்னார்ப் பக்கமும் சில போகுமாம்.
விசா இல்லாமல் பறக்கிறது என்று
எவனாவது பாட்டு எழுதுவான்.
எனக்கு மனதில் நிற்பது அந்த வளைதான்:
இருட்டில், வெந்த மண்ணுக்குள்,
யாரும் மேலே உட்காராமலே
சூடாக இருக்கும் முட்டை.

ஜனவரியில் ஒரு காலை, மூடுபனி.
கருவிக்குக் கோல் தெரியவில்லை,
எனக்கு என் கோலின் நுனி தெரியவில்லை.
வாக்கி-டாக்கியில் சஜீவன்: "திரும்பி வா."
இடப்பக்கம் பவளக்காலி விசில் அடித்தது,
நின்ற இடத்திலிருந்தே, பறக்காமல்.
"எழுதிக்கோ," என்றேன், "பன்னிரண்டு சென்டி."
சிரித்தான். எழுதினான்.
இன்னும் முன்னே, நீரைக் கிழிக்கும் நெடுங்கால்களின் சத்தம்:
"இருபது."
எங்கோ தூரத்தில் பூநாரைகளின் வாத்துக்குரல்:
"ஐம்பதுக்கு மேல், அங்கே நான் போகமாட்டேன்."
பத்து மணிக்குப் பனி விலகி, அளந்து பார்த்தோம்.
இரண்டு சென்டி பிசகு.
அந்தப் பிசகும் என்னுடையதாகத்தான் இருக்கும்.

இஞ்சினியர் ஹாதிம் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார்.
நாங்கள் அளந்த கோடுகள் எல்லாம்
ரேகை போல வளைந்து வளைந்து கிடந்தன.
அதன் மேல் சாய்கோடுகள் அடித்து
ஓரத்தில் ஒரே எண்: கூட்டல் மூன்று மீட்டர்.
நிரப்ப வேண்டிய உயரம்.
அவரவர் காலுக்கு என்றிருந்த ஆழமெல்லாம்
அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியது.
"நல்ல சர்வே," என்றார்.
நல்ல சர்வேதான்.

இப்போது குழாய் போட்டாகிவிட்டது.
வெளிக்கடலின் அடிமணலை உறிஞ்சி
இரவும் பகலும் கக்குகிறது.
உள்ளான்கள் எதிர்க்கரைக்கு மாறிவிட்டன.
கரைக்கொக்கு போகவில்லை.
குழாய் வாயருகே நின்று
மணலோடு வந்து விழும் மீனைப் பொறுக்குகிறது.
இதுவரை இப்படிக் கொழுத்து நான் அதைப் பார்த்ததில்லை.
காலை நடுக்க வேண்டிய வேலையே இல்லை,
பாதத்தின் மஞ்சள்
காய்ந்த மணலில் அப்பட்டமாகத் தெரிகிறது.

அதற்குப் பக்கத்தில், புது மண்ணில், நான்.
"கோல் சாயுது!" என்று கத்துகிறான் சஜீவன்.
சாயவில்லை என்கிறேன்.
சாய்ந்திருக்கலாம்.